அறிந்தவர் சான்று: தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தின் முன்வரலாறு பற்றி ஒரு நோக்கு

இலங்கையில் வாழும் ஒருவர் தம் வாழ்நாளில் அரசுக்குச் சமர்ப்பிக்கும் விண்ணப்பங்கள் பலவாகும். காணி வேண்டியும் தொழில் வேண்டியும் கடன் வேண்டியும் அவர் விண்ணப்பிக்கின்றார். தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பமோ இவற்றினின்றும் வேறுபட்டது. தாம் இன்னார் என்பதை ஏற்றுக்கொள்ளும்படி ஒருவர் அரசை வேண்டும் விண்ணப்பம் அது. ஏனைய விண்ணப்பங்கள் யாவற்றுக்கும் முற்பட்டதாக இன்று அது அமைந்துவிட்டமையால் அதன் வரலாறு ஆராயத்தக்கதாகின்றது.

அட்டையை மட்டும் நோக்குவோர்க்கு அது கூறும் செய்தி சிறிதே. ஒரு பெயர், ஒரு முகம், ஓர் இலக்கம், ஒரு முகவரி என்ற அளவில் அது நின்றுவிடுகின்றது. விண்ணப்பப் படிவம் அதனினும் மிகுதியாகப் பேசும். பிறப்புச் சான்றிதழ், நிழற்படம் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் அது கேட்கின்றது. விண்ணப்பகாரரை அறிந்த ஒருவர், இவர் இன்னார்தான் என்று கையொப்பமிட்டு அத்தாட்சிப்படுத்த வேண்டும். கிராமத்தவர்க்கு அவர் கிராம சேவையாளர். மாணவர்க்குப் பாடசாலை அதிபர். பெருந்தோட்டத்தில் வாழ்வோர்க்குத் தோட்ட அத்தியட்சகர். இந்த மூவரும் ஒரே படிவத்தில் ஒரே இடத்தில் ஒப்பமிடுகின்றனராயினும், விண்ணப்பகாரருடன் அவர்களுக்குள்ள உறவு ஒன்றன்று. யாருடைய சொல்லால் ஒருவர் அரசின் முன் ஆளாகின்றார் என்ற வினாவை இவ்வேறுபாடு எழுப்புகின்றது. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோம்பும் பள்ளியும்

ஆட்களைப் பெயர் குறித்துப் பதிவு செய்யும் வழக்கம் பிரித்தானியராலே தொடக்கப்பட்டதன்று. போர்த்துக்கேயர் காலத்திலே தோம்புகள் எழுதப்பட்டன. ஒல்லாந்தர் அவற்றை விரிவுபடுத்தி, காணிகளைப் பதியும் காணித் தோம்பு என்றும் ஆட்களைப் பதியும் தலைத் தோம்பு என்றும் வகுத்தனர். யாழ்ப்பாணத்துத் தோம்புகளில் ஒருவர் இன்ன ஊரில், இன்ன காணிக்கு உரியவராய், இன்ன குடும்பத்தில் இடம்பெறுபவராகவே காணப்படுகின்றார். நிலத்தினின்றும் குடியினின்றும் பிரித்து நோக்கப்படும் தனியாள் அங்கு இல்லை எனலாம். வரியும் ஊழியமும் பெறுதலே பதிவின் நோக்கமாதலின் அஃது அவ்வாறு அமைந்தமை வியப்பன்று.

தலைத் தோம்புக்கு அயலே பள்ளித் தோம்பு என்றொன்றும் இருந்தது. கோவிற்பற்றுத்தோறும் நிறுவப்பட்ட பள்ளிகளிலே ஞானஸ்நானம், விவாகம் முதலியன எழுதி வைக்கப்பட்டன. எழுதியவர் பள்ளி உபாத்தியாயரே. பின்னாளிலே சட்டம்பியார் எனப்பட்ட அவர், எழுத்தறிவிப்பவராக மட்டுமன்றி ஊரவரின் பிறப்புக்கும் விவாகத்துக்கும் சான்றாளராகவும் விளங்கினார். இக்காலத்துப் படிவத்திலே பாடசாலை அதிபர் ஒப்பமிடும் இடத்தை நோக்குமிடத்து, அப்பழைய உபாத்தியாயரின் நினைவு எழுவது இயல்பே.

விதானையாரும் துரையும்

பிரித்தானியர் ஆட்சியில், 1867 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. சமயச் சார்பற்ற பதிவுமுறை ஒன்று இவ்வாறு வேரூன்றலாயிற்று. எனினும் பதிவேட்டுக்கும் ஊருக்கும் இடையில் நின்ற தலைமைக்காரர் வரிசை நீங்கவில்லை. மணியகாரர், உடையார், விதானையார் என்ற அவ்வரிசையிலே கடைநிலையில் இருந்த விதானையாரே ஊரவர்க்கு நாளாந்தம் தோன்றிய அரசாங்கம். பிறந்தவரையும் இறந்தவரையும் காணி விற்றவரையும் களவெடுத்தவரையும் அறிந்தவர் அவர். 1963 இல் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே அப்பதவி வகிப்போரை விதானையார் என்றழைப்பது இன்றும் மறையவில்லை. சொல் நிலைத்தமைக்குத் தொழில் நிலைத்தமையே காரணம் எனலாம். அவரிடம் ஒரு கடிதம் பெறுவதே அன்றும் இன்றும் எவ்வலுவலுக்கும் முதற்படியாக உள்ளது.

மலைநாட்டுப் பெருந்தோட்டங்களிலே நிலைமை வேறு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் ஊர் வழியாக அன்றித் தோட்டத்தின் வழியாகவே அரசுக்கு அறிமுகமாயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறை இதற்குத் தக்க சான்றாகும். தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகரத் துண்டு ஒன்று, புறப்படும் தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. அதனை அணிந்து வந்தவர், பிரயாணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட, குறித்த தோட்டத்தைச் சென்றடைவார். அத்தகரம் அவருடைய பெயரைக் கூறவில்லை. அவர் எங்கே ஒப்படைக்கப்படவேண்டியவர் என்பதையே கூறிற்று.

அவ்வாறு வந்தவர் வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனைக் கையிலே கொண்டு, தம் கூட்டத்தாருக்கு வேறு தோட்டம் தேடுவார். துண்டு இல்லாத தொழிலாளியை ஏற்கும் தோட்டம் அரிது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், தொழிலாளி யார் என்பதைத் துரையின் கையெழுத்தே உறுதிசெய்யும் என்ற வழக்கம் துண்டோடு ஒழிந்துவிடவில்லை. தோட்டத்துப் பிறப்புகளை அறிவிக்கும் கடமையும் அத்தியட்சகரைச் சார்ந்ததாயிருந்தது. காலைப் பிரட்டிலே பெயர் பதிவதும் அவருடைய நிர்வாகமே. செக்ரோலிலே இல்லாத பெயர் தோட்டத்திலே இல்லாத ஆளாகும்.

தொழில் கொள்வோர் சான்றால் ஆளை அறியும் இம்முறை தோட்டங்களோடு நின்றுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1871 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்ய வகைசெய்தது. அவர்கள் தம்முடன் வைத்திருக்கவேண்டிய சிறு பதிவேட்டிலே எசமானர் அவர்தம் நடத்தையை எழுதுவர். தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைத் தாமே சுமந்து திரியும் நிலை அது. முகப்படம் இல்லாத அடையாள அட்டை என்று இதனைக் கூறின் மிகையாகாது.

கூப்பனும் பிரசாவுரிமையும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல் பர்மா அரிசியின் வரவு நின்றபின், உணவுப் பங்கீடு நாடெங்கும் பரவியது. அரிசிக் கூப்பன் புத்தகம் வீடுதோறும் புகுந்தது. உண்பவர் எத்தனை பேர் என்பதை அரசு முதன்முறையாக அறிய முற்பட்டது எனலாம். 1979 இல் உணவு முத்திரை முறை புகுத்தப்படும்வரை இப்புத்தகம் ஏதோவொரு வடிவில் நிலைத்தது. ஒருவர் இன்ன வீட்டில் வசிக்கின்றார் என்பதற்கு அதுவே எளிய சான்றாயிற்று. பசிக்காக எழுதப்பட்ட ஏடு ஆளுக்கான ஆதாரமாக மாறியமை நம் நிர்வாக வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்றாகும்.

சுதந்திரத்தின் பின் ஆவணத்தின் பொருள் கடுமையடைந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன்னர் இந்நாட்டிலே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தாயின் பிறப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை. கிராமத்தவருள்ளும் பாட்டனின் பிறப்புச் சான்றிதழை வைத்திருந்தவர் மிகச் சிலரே. ஆயினும் அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. ஊர் அறிந்திருந்தமையே அவர்களுக்குப் போதிய சான்றாயிற்று. தோட்டத்தவரிடமோ அதுவே கேட்கப்பட்டது.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவு மூலம் பிரசையாகும் வழியொன்றைத் திறந்தது. 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முற்பட்ட இடையறாத வதிவு, விவாகமானவர்க்கு 7 ஆண்டும் விவாகமாகாதவர்க்கு 10 ஆண்டும் எனக் கேட்கப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரசு முதலிலே இச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னர் விண்ணப்பிக்கத் தூண்டியமையால், 1951 ஆகஸ்ட் 5 ஆந் திகதியாகிய இறுதி நாளை அண்மித்து விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரசாவுரிமை பெற்றோர் தொகையோ ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. இடையறாது வதிந்தேன் என்பதை எவ்வாறு நிறுவுவது? லயத்து அறைக்கு உறுதி இல்லை, வரிச் சிட்டை இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. எஞ்சியவை தோட்டத்தின் ஏடுகளே. அவற்றைத் திறந்து காட்டக்கூடியவர் துரை ஒருவரே.

இதன் விளைவாக நாடற்றோராய் நின்றவர்களின் தொகை 975,000 என்று மதிக்கப்பட்டது. 1964 ஒக்ரோபர் 30 ஆந் திகதிச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அத்தொகைகளுக்கு உரியவர்களுடைய விருப்பம் முன்கூட்டிக் கேட்டறியப்பட்டதன்று என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

1968 ஆம் ஆண்டுச் சட்டம்

இத்தகைய பின்னணியிலேயே 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டம் தோன்றியது. அதனை நடைமுறைப்படுத்த ஆட்பதிவுத் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1972 முதல் அட்டைகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டின் மே மாதத்திலேயே நாடு குடியரசாகியமையும் நினைவுகூரத்தக்கது. குடியரசுக்கும் அட்டைக்கும் வயது ஒன்றே.

கறுப்பு வெள்ளை நிழற்படம் ஒட்டி, ஒளிபுகும் உறையினால் மூடப்பட்ட அவ்வட்டையின் இலக்கம் நுண்ணிய அமைப்பை உடையது. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் அவர் பிறந்தது எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்ணாயின் அத்தொகையுடன் 500 கூட்டப்படும். பின்னர்த் தொடரிலக்கமும் சரிபார்க்கும் இலக்கமும் வரும். ஒன்பது இலக்கங்களின் இறுதியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். முன்னையது வாக்காளராதற்குரியவரைக் குறிப்பதென்பர். பெயரைச் சொல்லாமலே ஒருவரின் வயதையும் பாலையும் இவ்விலக்கம் சொல்லிவிடும். தோம்பிலே ஊரும் காணியும் குடியும் நின்ற இடத்தில் இப்பொழுது பிறந்த நாள் நின்றது. கோட்பாட்டளவில் இது பெரியதொரு மாற்றமே. நிலமுள்ளவரும் நிலமற்றவரும் ஒரே வகை இலக்கத்தைப் பெற்றனர்.

ஆயினும் அவ்விலக்கத்தை அடையும் வழி பழையதாகவே இருந்தது. சட்டம் பிரசைகளுக்கே உரியதாகையால் நாடற்றோர் அதன் எல்லைக்கு அப்பால் நின்றனர். பதிவு மூலம் பிரசையானவரின் பிள்ளை, ஏனையோர் காட்டவேண்டாத பிரசாவுரிமைச் சான்றிதழையும் காட்டவேண்டியவரானார். தந்தையோ பாட்டனோ பெற்ற அக்கடதாசி, மழை ஒழுகும் லயத்திலே தகரப் பெட்டிக்குள் பேணப்பட்டுத் தலைமுறை கடந்து வரவேண்டியதாயிற்று.

1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை ஒழிக்க முற்பட்டன. எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 1964 ஒக்ரோபர் 30 ஆந் திகதி முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதனாற் பிரசைகளாயினர். அச்சட்டத்தின் கீழ் ஒரு சில நாட்களுக்குள் ஏறத்தாழ 190,000 பேர் பயன்பெற்றமை அக்காலத்தில் உலகின் கவனத்தை ஈர்த்தது. அரை நூற்றாண்டுச் சிக்கலைச் சட்டம் அவிழ்த்தது. ஆனால் உரிமை கிடைத்த மறுநாளே அட்டை கிடைத்துவிடவில்லை. பிறப்புப் பதியப்படாதவர் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறவேண்டும். பிறப்புப் பதியப்பட்டும் பெயர் எழுதப்படாதவர் பெயரைச் சேர்ப்பிக்கவேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்பேட்டில் ஒரு பெயர், வீட்டிலே அழைக்கும் பெயர் வேறு என்றிருந்தால் மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்கூலி இழக்கப்படும். கச்சேரிக்குப் போய்வரும் பஸ் செலவும் உண்டு. தபாலில் வரும் அட்டையும் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே லயத்தை அடைதல் வேண்டும்.

எழுத்துப் பற்றிய சிக்கல்

அட்டையின் மொழி தனியே நோக்கப்படவேண்டியது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வழங்கப்பட்டவற்றில் சிங்களமும் தமிழும் இருந்தன. ஏனைய இடங்களில் நெடுங்காலம் சிங்களம் மட்டுமே இருந்தது. எனவே நுவரெலியாவிலோ பதுளையிலோ வாழ்ந்த தமிழர் ஒருவர், தம் பெயரைத் தாமே வாசிக்க இயலாத அட்டையைத் தம் அடையாளமாகச் சுமந்தார். தமிழ் ஆட்சிமொழியாக 1987 இல் அரசியலமைப்பிலே ஏற்கப்பட்டும், நாடெங்கும் இரு மொழியிலும் அட்டை வழங்கப்படுவதற்கு 2014 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

இது உணர்ச்சி சார்ந்த குறை மட்டுமன்று. சிங்கள நெடுங்கணக்கில் ழகரத்துக்கு எழுத்தில்லை. ரகர றகர வேறுபாடும் இல்லை. யாழினி, எழிலரசி, கனிமொழி முதலிய பெயர்கள் சிங்களத்தில் எழுதப்பட்டு, அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் மீண்டும் தமிழுக்கும் பெயர்க்கப்படுமிடத்துத் தொடக்கத்திலிருந்த பெயரும் இறுதியில் வந்த பெயரும் ஒன்றாதல் அரிது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழர் வழக்கும், வாசகமப் பெயர் கொள்ளும் சிங்களவர் வழக்கும் ஒரே படிவத்தின் ஒரே கட்டத்தில் நிரப்பப்பட்டன. பெயரில் ஓர் எழுத்து மாறினாற் பரீட்சைச் சான்றிதழும் சேமலாப நிதியும் காணி உறுதியும் வேறொருவருக்குரியனவாகத் தோன்றும். எழுதுவினைஞரின் ஒரு நொடித் தவற்றைத் திருத்த, எழுதப்பட்டவர் பல மாதம் அலையவேண்டும்.

காட்டவேண்டிய அட்டை

1980களிலிருந்து அட்டையின் இயல்பு மாறியது. விண்ணப்பங்களுக்கு இணைக்கும் ஆவணமாயிருந்தது, வீதிகளிலே காட்டவேண்டிய ஆவணமாயிற்று. சோதனைச் சாவடியில் முதலில் நீட்டப்படுவது அட்டையே. இலக்கம் வயதைச் சொல்லிற்று. பெயர் இனத்தைச் சொல்லிற்று. இரு மொழி எழுத்துகள் வழங்கப்பட்ட மாகாணத்தைச் சொல்லின. மலையகத்தவர்க்குத் தமிழ் இல்லாமை குறையாயிருந்த அதே அட்டையில், வடகிழக்குத் தமிழர்க்குத் தமிழ் இருந்தமையே ஐயத்துக்கு ஏதுவாயிற்று. ஒரே சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட ஆவணம் இருசாராரிடத்தும் எதிரெதிரான விளைவுகளைத் தந்தமை ஆய்வாளரின் கவனத்துக்குரியது.

போரும் இடப்பெயர்வும் இன்னொன்றையும் உணர்த்தின. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 1995 இல் யாழ்ப்பாணம் நீங்கியோர், 2004 இல் கடல்கோளுக்குத் தப்பியோர், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களை அடைந்தோர் எனப் பலர் அட்டையை இழந்தனர். மீண்டும் விண்ணப்பிக்க, தொலைந்தமை பற்றிய பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் கிராம சேவையாளரின் அத்தாட்சியும் வேண்டும். ஊரே இடம்பெயர்ந்தபோது ஊரை அறிந்தவரும் இடம்பெயர்ந்திருந்தார். அத்தகைய வேளையில், பழைய பதிவேடு அழிந்த இடத்தும் "இவரை நான் அறிவேன்" என்று ஒப்பமிட்ட கிராம சேவையாளரும் அதிபருமே பலரை மீண்டும் ஆளாக்கினர் என்பதை நன்றியோடு பதிவு செய்தல் தகும். நடமாடும் சேவைகளும் பின்னர் இப்பணிக்குத் துணைநின்றன.

முடிவுரை

இதனால், அறிந்தவர் சான்று என்னும் முறை தன்னளவிலே குறையுடையதென்று கொள்ளுதல் பொருந்தாது. ஏடில்லாதவர்க்கு வாய்மொழியே ஏடு. ஏழைக்கும் அகதிக்கும் அது புகலிடமாக உதவியதைக் கண்டோம். சான்றாளரே எசமானராகவும் இருக்கும்போதுதான் அம்முறை பழுதுறுகின்றது. விதானையாரோடு பகைத்தவர் உடையாரிடம் செல்லலாம். ஊராரைத் துணைக்கு அழைக்கலாம். துரையோடு பகைத்த தொழிலாளிக்கு அப்பாற் செல்ல வழி இருக்கவில்லை. கூலிக்காகக் குரலெழுப்பிய நாளிலும் தம் அடையாளத்துக்கு அதே காரியாலயத்தின் வாயிலில் நிற்கவேண்டியவரானார். தகரச் சீட்டு முதல் அட்டை விண்ணப்பம் வரை ஆவணங்கள் பல மாறியும் மாறாது தொடர்ந்த நிலை இதுவே. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபின், பாடசாலை அதிபர் என்ற வேறொரு சான்றாளர் மலையகப் பிள்ளைகளுக்குக் கிடைத்தமை இந்நோக்கிலே சிறிய செய்தியன்று. பரீட்சை எழுதுவதற்காக அட்டை பெறும் மாணவி, தன் குடும்பத்தில் துரையின் ஒப்பமின்றி ஆளாகிய முதல் ஆளாக இருத்தல் கூடும்.

அட்டைக்குரிய வயது 18 இலிருந்து 16 ஆகவும் பின்னர் 15 ஆகவும் குறைந்தது. 2016 முதல் இலக்கம் பன்னிரண்டாக நீண்டது. 2017 இல் புதுவகை அட்டை வந்தது. ஒட்டப்பட்ட நிழற்படத்தின் இடத்தைக் கணினி வழியே அனுப்பப்படும் படம் பெற்றது. ஆனால் படிவத்திலே சான்றாளர் ஒப்பமிடும் கட்டம் அகற்றப்படவில்லை. வாக்களிப்பதற்கு ஆளடையாளம் காட்டுதலை 2004 ஆம் ஆண்டுத் தேர்தல் விசேட ஏற்பாடுகள் சட்டம் வேண்டிநின்றமையால், அக்கட்டத்தில் இடப்படும் ஒப்பத்தின் மதிப்பு முன்னையினும் உயர்ந்தே உள்ளது.

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். அரசிறைக் காப்பகங்களிலே தோம்புகள் பேணப்படுகின்றன. துண்டும் தகரச் சீட்டும் கூப்பன் புத்தகமும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் மறுமொழிக் கடிதமும் வீடுகளிலே கிடக்கின்றன. பயன் முடிந்ததென்று அவற்றை எறிந்துவிடுகின்றனர். தகரப் பெட்டிகளின் அடியில் எஞ்சியிருக்கும் இவ்வாவணங்களை அவற்றின் உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே கண்டு படியெடுத்தலும், எந்தக் கையொப்பத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தனர் என்பதை அவர்கள் வாயாற் கேட்டெழுதுதலும் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். தம்மைத் தாமே சான்றாகக் கொண்டு அவர்கள் பேசக்கூடிய இடம் அதுவொன்றே.